கவர்னருக்குக் கட்டிய காப்பு

வாடிப்பட்டி விருமாண்டி வீட்டுத் தொழுவத்தில் மலையம்மாள் இருபது வருஷமாகச் சாணி அள்ளினாள். எந்த ஜீவனுக்கு என்ன நோவு என்று அது கழிந்து வைத்ததைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சொன்னால் கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது. கூலிக்காரி சொல்லி முதலாளி கேட்பதா? அதனால் அவள் வாயை மூடிக்கொண்டு, நடக்க வேண்டியதை வேறு வழியில் நடத்திக்கொள்ளப் பழகியிருந்தாள். அந்தக் கள்ளத்தனத்தில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் யாருமில்லை.

விருமாண்டிக்கு நாய் என்றால் உயிர். வெள்ளைக்கார சர்க்கார் மேலிருந்த கடுப்பில் நாய்களுக்குப் பதவிப் பெயராக வைப்பார். முதல் நாய் தாசில்தார். ஒரு கோடையில் வயிற்றால் போய்ச் செத்தது. அடுத்தது கலெக்டர், மறு கோடையில் அதுவும் அப்படியே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது கவர்னர். தாயில்லாக் குட்டியாக வந்ததை மலையம்மாள்தான் துணியை ஆட்டுப்பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

பங்குனி பிறந்ததும் கவர்னருக்கும் வயிறு கெட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு திங்கட்கிழமை மத்தியானம் வெக்கையில் நுரைத்துப் போயிருக்கும். வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். வீணாகப் போகிறதே என்று விருமாண்டி அதை நாய்க்கு ஊற்றுவார். நாய் கழியும், இளைக்கும். இளைத்ததைப் பார்த்து மனசு கேட்காமல் கொழுப்பாக இன்னும் நாலு துண்டு போடுவார்.

"கண்ணு பட்டிருச்சு மலையம்மா. பாரு, இம்புட்டு இளைச்சிருச்சு," என்றார்.

"ஒரு நாளு பட்டினி போட்டாக் கேட்டுரும்ங்கய்யா."

"நோவுல கெடக்குறதப் பட்டினி போடச் சொல்லுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

இந்தக் கோடை இதையும் கொண்டுபோய்விடும் என்று நினைத்தபடி அவள் சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரில் காப்புக் கட்டினார்கள். தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஏறியது. அது கிடக்கிற எட்டு நாளும் அவர்களுக்குக் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் ஆகாது. மீறித் தின்னக் கொடுப்பவனையும் அம்மன் சும்மா விடமாட்டாள்.

மறுநாள் விடிந்தபோது கவர்னர் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது.

"யாரு கட்டுனது இத?" என்றார் விருமாண்டி.

"நான் வாரப்பவே கெடந்துச்சுங்கய்யா," என்றாள் மலையம்மாள், ஒன்றும் அறியாதவள் முகத்தை வைத்துக்கொண்டு.

அவர் பூசாரி சோணையிடம் ஓடினார். தனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு காப்புக் கட்டியாகிவிட்டது என்றால் பூசாரிக்கு என்ன மரியாதை? சோணை கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஆத்தா உத்தரவு. அவுத்துராதீக," என்றார்.

அதோடு பழைய குழம்பு குப்பைக்குப் போனது. முதல் நாள் மலையம்மாள் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். மறுநாளிலிருந்து குழையக் காய்ச்சிய கஞ்சி, ஒரு கல் உப்பு. வெயில் ஏறுமுன் வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டி, ஈரச்சாக்கை விரித்துப் போட்டாள். நாலாம் நாள் கழிச்சல் நின்றது. ஏழாம் நாள் கவர்னர் தபால்காரரைத் தெருக்கோடி வரைக்கும் துரத்தியது. மலையம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தபால்காரர் பட்டபாடு வேறு கதை.

எட்டாம் நாள் ஊரில் எல்லாக் காப்பும் அவிழ்ந்தது. வீட்டுக்கு வீடு கிடாக்கறி. விருமாண்டி ஒரு சட்டி நிறையக் கறியோடு தொழுவத்துக்கு வந்தார். கவர்னர் கறியைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவர் குனிந்து கயிற்றைப் பிடித்தார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்றுக்குட்டிகளுக்கு மலையம்மாள் போடுகிற அதே முடிச்சு.

"தாசில்தாரும் கலெக்டரும் என்னாலதான் போச்சுகளா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து தொழுவத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

விருமாண்டி நாயின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு கறிச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ கொண்டுபோயிப் புள்ளைகளோட தின்னு. கயித்த அவுக்காத, மழை விழுகுற மட்டும் கெடக்கட்டும். என் கை சும்மா இருக்காது."