மூலை வேண்டாம், மூளை வேண்டும்

இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொத்தனாராகச் சேர்ந்த முதல் நாளே வெள்ளைக்காரத் துரை என்னை அவமானப்படுத்திவிட்டார். அப்படித்தான் நினைத்தேன்.

பதுளைக்கு ரயில் வராத காலம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கு வாசலைத் தவிரக் காற்றுக்கு வழியில்லை. பின்சுவரில் காம்பராவுக்கு ஒரு சன்னல் உடைக்கச் சொன்ன துரை, குதிரையில் ஏறியபடி விரலை ஆட்டினார்: "கொத்தனார்! சன்னல் வைக்க மூளை வேணாம்!"

சுருக்கென்றது. வேண்டாமென்றால் வேண்டாம் என்று மூளையைக் கழற்றிவைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

லயத்தின் கடைசிக் காம்பரா, கொழுந்தெடுக்கும் மாரியாயியுடையது. "இந்த மூலையில வச்சிடுங்கண்ணே, அடுப்புப் புகை போகட்டும்" என்றாள். கல்லும் சேறும் வைத்துக் கட்டிய சுவர். மூலைக்கு ஒரு சாண் விட்டு உடைத்தேன். மேலே குட்டையாக ஒரு மரத்தைப் போட்டுச் சன்னலைப் பொருத்தினேன். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மழை. மாரியாயி ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் ஓடிவந்தாள்.

"அண்ணே, ஒங்க சன்னல் வாயைப் பொளந்து சிரிக்குது! புள்ளைங்களோட நான் இன்னிக்கு எங்க படுக்கிறது?"

சன்னலின் மேல்முனையிலிருந்து கூரைவரை சாய்வாக விரல் நுழையும் வெடிப்பு. மிச்சமிருந்த ஒரு சாண் சுவர் வெளியே பிதுங்கி நின்றது. கூரைக்கு மரங்களை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது துரை வந்துவிட்டார்.

"நான் சொன்னேன்! மூளை வேணாம்!" என்று சுவரின் மூலையைப் பிரம்பால் தட்டினார்.

அப்போதுதான் விளங்கியது. அவர் நாக்குக்கு லவும் ளவும் ஒன்று.

"தொரைங்களே, நான் இதுன்னு நெனச்சேன்" என்று என் தலையைத் தொட்டுக் காட்டினேன்.

விழித்துப் பார்த்தவர், குதிரை மிரளும்படி சிரித்தார். "அது வேணும் கொத்தனார்! கொஞ்சம் வேணும்!"

இரண்டு சுவர்களும் கைகோத்து நிற்கும் இடம் மூலை. அதை ஒட்டி ஓட்டை போட்டால் கூரைப் பாரம் அந்தப் பக்கம் இறங்க இடமில்லை. பிதுங்கிய கல்லைப் பிரித்து, பழைய சுவருக்குள் பல் விட்டுக் கல்லை மாற்றி மாற்றிக் கோத்து, பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்தேன். சேறு காயும்வரை முட்டு மரங்களை எடுக்கவில்லை. புதுச் சன்னலுக்குச் சுவரின் நடுவில் கோடு போட்டேன்.

"இனிப் பயமில்லம்மா, படுக்கலாம்."

"அப்படியா? தேத்தண்ணி கொதிக்கிறவரைக்கும் நீங்க அந்தச் சுவத்தடியில ஒக்காருங்க, பாப்போம்."

உட்கார்ந்தேன். அன்றைக்குப் போல மெதுவாக ஒரு தேத்தண்ணி கொதித்ததே இல்லை. சுவர் அசையவில்லை. அவள் பாயை விரித்தாள்.

சுவரில் ஓட்டை போடும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: வேலை முடிந்ததும் அதன் கீழே முதலில் நீங்கள் உட்காருங்கள். உட்காரத் தயக்கமாக இருந்தால், பிரித்துக் கட்டுங்கள்.