அறுபது பொட்டலம், இருநூறு இட்லி

மும்பை தாராவியில் இட்லி போட்டு விற்கிற குடும்பங்களில் மாரீஸ்வரன் வீடும் ஒன்று. மாவு, அடுப்பு, பார்சல் எல்லாம் அவன் மனைவி பிரேமலதாவின் பொறுப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள். கணக்கில் ஒருமுறை கோட்டை விட்டு, மறுமுறைதான் தேறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரில் நடக்கிற ஒரு விழாவுக்கு வாடிக்கைக்காரர் ஜெயராம் அண்ணாச்சி சொன்ன ஆர்டர் இருந்தது. இட்லி வெந்து ஆறிக்கொண்டிருந்தது.

"பெரிய பொட்டலம் எத்தன, சின்னது எத்தன?" என்று கேட்டாள் பிரேமலதா.

ஆர்டர் வாங்கிய மாரீஸ்வரன் விழித்தான். "பெரிசுல நாலு இட்லி, சின்னதுல ரெண்டு. மொத்தம் அறுபது பொட்டலம், இருநூறு இட்லி. பிரிச்சும் சொன்னாரு, மறந்துபோச்சு பிரேமா."

ஜெயராமுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். டெம்போ வருகிற நேரம் நெருங்கிவிட்டது.

"பாதிக்குப் பாதி கட்டிருவமா?" என்றான் அவன்.

"நூத்தியெம்பது இட்லிதான் போவும். இருவது மிஞ்சுமே!"

 பரீட்சைக்குப் படித்த பிரதியிடல் முறை அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு அட்டையைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள்.

"பெரிசு எக்ஸ்னு வைங்க. சின்னதுக்கு ஒய் எதுக்கு? அறுவதுல எக்ஸ் போக மீதியெல்லாம் சின்னதுதான?"

"சரி."

"பெரிசுல நாலு எக்ஸ் இட்லி. சின்னதுல அந்த மீதியப் போல ரெண்டு மடங்கு, அதாவது நூத்தியிருவதுல ரெண்டு எக்ஸ் கொறச்சல். ரெண்டையும் கூட்டுனா நூத்தியிருவதும் ரெண்டு எக்ஸும். அதுதான் இருநூறு. அப்ப ரெண்டு எக்ஸ் எம்பது. பெரிசு நாப்பது, சின்னது இருவது!"

"சரியா வருமாட்டி?"

"நாப்பது பெரிசுக்கு நூத்தியறுவது, இருவது சின்னதுக்கு நாப்பது. இருநூறு ஆச்சா? கட்டுங்க."

கட்டினார்கள். ஆனாலும் கணவன் அந்த இரண்டு எண்களையாவது ஒழுங்காகக் கேட்டிருப்பானா என்று அவளுக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது.

கடைசிப் பொட்டலம் கட்டும்போது போன் அடித்தது. பிரேமலதா எடுத்தாள்.

"போன்ல சார்ஜ் இல்லாமப் போச்சும்மா," என்றார் ஜெயராம். "பெரிசு நாப்பது, சின்னது இருவது, ரெடிதானே?"

"ரெடி அண்ணாச்சி!"

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாரீஸ்வரன் பெருமூச்சு விட்டு, "இனிமே போன நீயே எடு தாயி," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்குமுன் தெருமுனையில் டெம்போ ஹாரன் அடித்தது.