எங்கள் வீட்டின் நடுவே ஒரு வழி

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலை, அடுப்பில் பால் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். வாசலில் ஏதோ குரல் கேட்டது, முன்பின் தெரியாத ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். தறியை ஒட்டி நடந்து, சமையலறை வாசலில் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பின்வாசலில் இறங்கிப் போய்விட்டார். அவர் பின்னாலேயே கீரைக்கூடையோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. கையில் இருந்த கரண்டியோடு போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன்.

"இது வூடா, பஸ் ஸ்டாண்டா?"

புது மருமகள் பேசுகிற பேச்சா இது என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"இன்னிக்குத் தெருவுல பாவு போட்டிருக்குது. தெருவ நாம எடுத்துக்கினோம்ல? அப்ப வூட்ட அவங்களுக்கு வுடணும்."

இந்தப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. நான் தாமல் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் ஏரியும் வயலும்தான். தறியைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். பட்டுச்சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துக் காயவைப்பார்கள். விடிந்ததும் கட்டினால் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதுவரை தெரு பாவுக்குச் சொந்தம். சைக்கிள் போகாது, வண்டி போகாது. ஓரமாக நடந்தால்கூட முந்தானை பட்டு இழை அறுந்துவிடும் என்று திட்டு விழும்.

அதனால் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் வீடுகளுக்குள் புகுந்துதான் பின்தெருவுக்குப் போய் பஸ் ரோட்டைப் பிடிக்க வேண்டும். பின்வாசல் உள்ள வீடுகள் வேறு சில இருந்தாலும், எங்கள் வீட்டில்தான் முன்வாசலில் நின்று பார்த்தால் பின்தெருவில் போகும் ஆடு தெரியும். அவ்வளவு நேர்வழி. தெருவில் பாதிப்பேர் எங்கள் வழியாகத்தான் போவார்கள்.

இதற்கென்று எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் முறை இருந்தது. வருகிறவர் வாசலில் நின்று "வழி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "வாங்க" என்று சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கே இங்கே பார்க்காமல் நடக்க வேண்டும். "வாங்க" கேட்காமல் நுழைவது தப்பு. கேட்டும் சொல்லாமல் இருப்பது அதைவிடத் தப்பு. எங்களோடு குழாயடிச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுக்காரியும் பாவு நாளில் "வழி" என்பாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே "வாங்க" என்பேன். மறுநாள் பழையபடி முறைத்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் தறியை விட்டுத் தலை நிமிராமலேயே வருகிற எல்லோருக்கும் "வாங்க" சொல்வார். அதோடு நிறுத்துவாரா? வந்தது யார் என்றுகூடப் பார்க்காமல் உள்ளே திரும்பி, "தண்ணி குடு" என்பார். குடிக்கிறவர் கேட்டாரோ இல்லையோ, எனக்கு உத்தரவு வந்துவிடும். குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாலும் சரி, குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி, சொம்போடு ஓட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க வாயில வேற வார்த்தையே வராதா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

கோபம் கோபம்தான். ஆனால் அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் படி இறங்காமலேயே ஊர் என் வீட்டுக்குள் நடந்து வந்தது. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை கிடைத்தது, யார் பையன் மறுபடி கோட்டைவிட்டான், எல்லாம் கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு முறை மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவன், மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று எங்கள் சமையலறையைத் தாண்டி ஓடினான். அவனுக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

தவறாமல் வருகிறவர் சரிகை பாய். பக்கத்துத் தெருவில் சரிகை வியாபாரம். அவர் "வழி" என்று சொல்லமாட்டார், "வழிம்மா" என்பார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஈரம் பட்ட இடத்தைக்கூட மிதிக்காமல் நடப்பார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "இருக்கட்டும்மா, ரொம்ப சந்தோசம்" என்பார். எத்தனை வருஷம் வந்தாலும் அதே சொல், அதே மரியாதை.

பிற்பாடு எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தெருவிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிறவள் என்பதால் என்னை நிற்கச் சொன்னார்கள். ஜெயித்தும்விட்டேன். கவுன்சிலர் என்றால் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும்தான் அலையவேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதி நாள் வழித் தகராறிலேயே போனது. ஒருவர் படியை ஒரு அடி வெளியே இழுத்திருப்பார். இன்னொருவர் பைக் ஏற்றச் சரிவு போட்டுச் சாக்கடையை மூடியிருப்பார். சந்தின் நடுவில் ஒருத்தி துளசி மாடம் கட்டிவிட்டு, "சாமியை நகர்த்தச் சொல்றியா?" என்று கேட்பாள். "சாமி நடந்துக்கினு போவும், ஜனம்தான் போவ முடியல" என்று நானும் விடமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் விழுந்தார். தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அன்று பாவு நாள். தெருவில் ஆட்டோ வர வழியில்லை. நல்லவேளையாக சரிகை பாய் அந்த நேரம் கூடத்தில் இருந்தார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பாவு போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து அவரைக் கட்டிலோடு தூக்கி, பின்வாசல் வழியாக ஆட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். எதிரே வந்தவர்களைப் பார்த்து "வழி, வழி" என்று பாய் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் அவ்வளவு உரக்கப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

உயிர் தங்கிவிட்டது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்து, தினமும் பேச வைக்கச் சொன்னாள். "சோறு சொல்லுங்க, தண்ணி சொல்லுங்க" என்று நான் எதிரே உட்கார்ந்து கெஞ்சுவேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். எனக்குப் பொறுமை போய்க் கத்துவேன். பிறகு கிணற்றடியில் போய் அழுவேன்.

அடுத்த பாவு நாள் காலையில் வாசலில் "வழிம்மா" என்று குரல் கேட்டது. நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து ஒரு குரல்.

"வாங்க."

கொஞ்சம் குழறலாக, ஆனால் அவர் குரல். துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். சரிகை பாய் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் சொன்னபோது, "பழக்கத்துல ஊறின வார்த்தைதான்மா மொதல்ல வரும். அத விட்டுடாதீங்க. அதப் புடிச்சுக்கினுதான் மத்ததும் வரணும்" என்றாள். கட்டிலை வாசல் தெரியும்படி இழுத்துப் போட்டேன். அதன்பிறகு பாவு நாள்தான் அவர் பேசுகிற நாள். வருகிறவர்களுக்கெல்லாம் "வாங்க". மற்ற நாளில் வாய் திறக்கமாட்டார். வேறு சொல்லும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் இருந்தது.

இப்படியிருக்க, தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்குப் பாவு நாளில் பிரசவ வலி கண்டது. எங்கள் வீட்டு வழியாகத்தான் நடந்தாள். கூடத்தில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தும் "வாங்க" என்றார். பிரசவம் நல்லபடியாக ஆனது. ஆனால் அவள் அம்மா மறுநாள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானம்மா கவுன்சிலரு. பாவு முக்கியமா, உசுரு முக்கியமா? அடுத்த தபா ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வரணும், சொல்லிட்டேன்."

அவள் கேட்டதில் என்ன தப்பு? என் புருஷனையே கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். பின்தெருவுக்கு அப்பால் புறம்போக்கு இடம் ஒன்று இருந்தது. அங்கே பாவு போட்டுக்கொண்டால் தெரு எப்போதும் திறந்திருக்கும். தெரு திறந்திருந்தால் எங்கள் வீட்டுக்குள் யாரும் வரவேண்டியதில்லை. "வழி" என்று கேட்க ஆள் இருக்காது. அவரிடம் மிச்சமிருக்கிற ஒரு சொல்லும் போய்விடும். ஆனாலும் இதைத் தெருவில் யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரர் பேசுவதற்காக நீங்கள் தெருவை அடைத்துப் போடுங்கள் என்றா?

புறம்போக்குக்குப் போகிற பாதை இருந்த இடமே தெரியவில்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பாதிப் பாதையில் ஒருவர் செங்கல் அடுக்கியிருந்தார், மீதியில் இன்னொருவர் மாடு கட்டியிருந்தார். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். அடுத்த நாள் பார்த்தால் மாடு அந்தக் கல்லிலேயே கட்டப்பட்டிருந்தது. நான் போய் நின்று போட்ட சத்தத்தில் மாடே கயிற்றை அறுத்துக்கொண்டு போனதாகத் தெருவில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். முள்ளை வெட்டி, மண் கொட்டி, பாதை திறந்தது. வேப்பமர நிழல், நாய்த் தொல்லை இல்லை, பைக் தொல்லை இல்லை. பாவு போடுகிறவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

அங்கே முதல் பாவு கட்டிய காலை. கஞ்சி வாசனை எங்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அது போதும். கட்டிலில் நிமிர்ந்து, முன்வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. பிள்ளைகள் ஓடினார்கள். ஒருவரும் உள்ளே திரும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இன்றைக்கு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்க அவருக்குச் சொல் இல்லை. எனக்குச் சொல் இருந்தும் வாய் வரவில்லை.

பின்வாசல் வழியாக வெளியே போனேன். பின்தெருவைச் சுற்றி, சந்தில் நுழைந்து, எங்கள் தெருவுக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வழி," என்றேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு முகம் கோணலாகச் சிரித்தது. "வாங்க," என்றார்.

நானும் முறைப்படி தரையைப் பார்த்து நடந்து பின்வாசலில் இறங்கினேன். மறுபடி சுற்றி வந்தேன். மறுபடி "வழி". மறுபடி "வாங்க". வெயிலில் கவுன்சிலரம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குச் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் "வழி" என்று அவள் குரல். கையில் செருப்பு. "வாங்க," என்றார் இவர். அவள் பின்னால் பள்ளிப் பிள்ளைகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிசையாக, "வழி, வழி." அவர்களுக்குப் பின்னால் சரிகை பாய்.

"தெருதான் தொறந்து இருக்குதே பாய்," என்றேன்.

"இருக்கட்டும்மா. எனக்கு இதான் வழி," என்றார்.

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். "வாங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. உதடு துடித்தது. இடது கையைக் கட்டிலில் ஊன்றி, என் பக்கம் கழுத்தைத் திருப்பினார். ரொம்ப நேரம் போராடினார். பாய் அசையாமல் நின்றார்.

"தண்ணி... குடு."

சொம்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு மறந்துவிட்டது. அந்த மனுஷன் எனக்கு உத்தரவு போட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.