கொளஞ்சிக் குட்டை நத்தை

நத்தை ஓட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார் சக்கரபாணி. உள்ளே காய்ந்த மண் இருந்தால் கடகடக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெர்னியரில் உயரமும் அகலமும் பார்த்து, சுருள்களை எண்ணி, கிடைத்த இடத்தைக் கறுப்பு மையால் ஓட்டின் மேலேயே பொடியாக எழுதுகிறார். மை அழியாமலிருக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. அது மனைவி மலர்கொடியுடையது. கேட்டு எடுக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன், பெர்மனென்ட். ஷிஃப்ட் முடிந்தால் ஊரே மார்க்கெட்டுக்கு வண்டியைத் திருப்பும். இவர் வாய்க்கால் பக்கம் திருப்புவார். குவார்ட்டர்ஸில் அலமாரி முழுக்க வயல் நத்தை, மரத்து நத்தை, மல்லாட்டைப் பருப்பளவுகூட இல்லாத குளத்து நத்தை. "சாமி படம் வெக்க எடமில்ல, நத்தைக்கு இன்னொரு தட்டு வேணுமாம்" என்பார் மலர்கொடி.

ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டார். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் நட்ட மரங்களுக்கடியில் நீர்நத்தை ஓடு ஒன்று கிடைத்தது. தலைகால் புரியாமல் 'மண்மேடு' என்று எழுதிவிட்டார். கன்றுக் குழிகளுக்கு எங்கிருந்தோ ஏரி வண்டல் லாரி லாரியாக வந்த கதையை வாட்ச்மேன் சொன்னபோது மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று பிடித்த பிடிவாதம்: "உசுரோட ஊர்றத என் கண்ணால பாக்கணும். அப்பதான் எழுதுவேன்."

கம்மாபுரம் பக்கம் மலர்கொடியின் ஊரில் கொளஞ்சிக் குட்டை இருக்கிறது. சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தில் அதுவும் சேர்ந்துவிட்டது. மழை விட்டதும் தூர்த்துவிடுவார்கள். கரையெல்லாம் வெற்று ஓடுகள். உயிருள்ளது ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படாவிட்டால் அந்தக் குட்டை அவர் எழுதிவரும் நத்தைப் பட்டியலில் ஏறாமலே மண்ணுக்குள் போய்விடும். அந்த நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. லீவு நாளெல்லாம் முழங்கால் சேற்றில் நின்றார். மைத்துனன் கொளஞ்சிநாதன், "இன்னா மாமா, எங்க அக்கா சோறு போடலியா? கறிக்கு நத்தை தேடிகினு திரியறீங்க!" என்று கரையிலிருந்து சிரித்தான்.

பொக்லைன் வந்து கரையில் நின்ற அன்றுதான் அது கிடைத்தது. எலுமிச்சம்பழப் பருமன். வாயை அடைத்திருந்த மூடியைத் தள்ளி, கொம்பை நீட்டி, அவர் உள்ளங்கையிலேயே ஊர்ந்தது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டார்.

டிபன் கேரியரில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அளந்தாயிற்று, பட்டியலிலும் ஏற்றியாயிற்று. இனி இதை எங்கே விடுவது?

"ஏங்க, நம்ம பிளாக் பார்க்கு குளத்துல வுட்டுடுங்க. எங்க ஊரு சீவன், பொழச்சிப் போவட்டும்" என்றார் மலர்கொடி.

"வுட்றலாம். நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்து, இங்கயே பொறந்ததுன்னு எழுதிட்டான்னா? நான் பண்ண அதே தப்பு."

"அதுக்காவ கொன்னுடுவீங்களா?"

சக்கரபாணி நத்தையை எடுத்தார். அது உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை அடைத்தது. துணியால் ஈரத்தை ஒற்றி, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் 'கொளஞ்சிக் குட்டை' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார். இந்த முறை நெயில் பாலிஷை மலர்கொடியே திறந்து நீட்டினார். இவர் வாங்கி, ஒன்றுக்கு இரண்டு பூச்சாகப் பூசினார்.

பிறகு பார்க்குக்கு நடந்துபோய், குளத்தின் கடைசிப் படியில் குனிந்து, எழுத்து மேலே தெரியும்படி நத்தையைத் தண்ணீரில் இறக்கிவைத்தார்.