தண்ணீர்க் குப்பி

அவளை எல்லாப் பண்ணையிலும் 'பெட்டிக்கார அம்மா' என்றுதான் சொல்வார்கள். பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கூடத்தையே ஒரு பெட்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். நான் அவளுடைய வண்டியோட்டி. வண்டி என் பொறுப்பு என்று பெயர்தான். அதற்குள் ஒரு கடலை கொறிக்க விடமாட்டாள்.

பறவையின் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, மருந்துநீரில் முக்கி, காந்தத்தூளால் கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுப்பாள். அதை ரோஸ் நிற மருந்து உள்ள சின்னக் குப்பிகளில் விட்டு, வண்டி பேட்டரியில் சூடாக்குவாள். மஞ்சளானால் நோய். ஒரு குப்பியில் மட்டும் மரபணுவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விடுவாள். அதுவும் மஞ்சளானால் எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம், சோதனையே செல்லாது. "வெறும் தண்ணிக்கு இவ்ளோ உபசாரமா?" என்று கிண்டல் செய்வேன். "அதுதாம்பா என் மானம்" என்பாள். அவளுடைய தண்ணீர்க் குப்பி ஒருநாளும் நிறம் மாறியதில்லை.

அவள் தம்பியின் வாத்துகள் சாகத் தொடங்கியபோது, வேறு ஆளை அனுப்புவதாக அலுவலகம் சொன்னது. அவள் கேட்கவில்லை. "மத்தவங்க அவசரத்துல எதையாவது கலந்துட்டா, அநியாயமா அவன் பண்ணை போயிடும்" என்றாள். நோய் என்று வந்தால் உயிரோடிருக்கும் வாத்துகளையும் கொன்று புதைக்க வேண்டும். அவனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

தம்பி பக்கத்திலேயே குந்தியிருந்தான். குப்பிகளை மூடப்போகும் நேரம் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்தத் தண்ணிலயும் இதுல ஒரு சொட்டு விட்டுடேன். செல்லாதுன்னு ஆயிடும்ல? ரெண்டு நாள் கிடைச்சா, நல்லா இருக்கறதையாவது வித்துடுவேன்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. விட்டுத் தொலையேன் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"வித்தா, வாங்குறவன் பண்ணைக்கும் போகும்டா" என்று சொல்லி மூடியை அழுத்தினாள்.

அரை மணி நேரம் குப்பிகள் பேட்டரியில் சூடேறின. பிறகு பெட்டியைத் திறந்தாள். வாத்துக் குப்பிகள் எல்லாம் மஞ்சள். அவற்றை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தண்ணீர்க் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தன் கை எங்காவது தவறியிருக்காதா என்று. அது ரோஸாகவே இருந்தது. பாவி, அன்றைக்கும் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தாள்.

அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். தம்பி மண்வெட்டியோடு வந்து நின்றான். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன்.

"குழி எங்க வெட்டணும், மேடம்?" என்றான்.