இரண்டு மணி டெம்பரேச்சர்

அவள் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதனால் வார்டில் எல்லோருக்கும் அவள் அச்சக்கா. டாக்டர்கள் எழுதுவது கோழி கிளறிய குப்பை. அதற்குப் பக்கத்தில் அச்சக்காவின் சார்ட்டை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நோட்டு போல மினுக்கும். பதினாறு வருட நர்ஸ் வேலையில் ஒரு நாளைக்கு எண்பது தடவை "வலி இருக்கா?" என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்வியை அவளிடம் திருப்பிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் மயக்க மருந்து தெளியாமல் கேட்டவர்.

வீடு என்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றதில் துவைத்த துணி உட்காரும்.

ஆண்கள் வார்டில் முப்பத்தாறு கட்டில். நாலு நர்ஸ் இருக்க வேண்டிய ஷிப்டில் இரண்டே பேர். மதியம் இரண்டு மணிக்கு எல்லோருக்கும் ஜுரமும் நாடியும் பார்த்து எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் ஒவ்வொருத்திக்கும் ஒன்றரை மணி நேரம். மூன்று மணிக்கோ ஷிப்ட் முடிகிறது. நடுவில் ஊசி, டிரிப்ஸ், கட்டு மாற்றுவது என்று ஆயிரம் இருக்கிறது. ஆகவே வார்டில் ஒரு ஏற்பாடு. தேறி வருகிறவர்களுக்கு, பன்னிரண்டு மணிக்குப் பார்த்ததையே கொஞ்சம் மாற்றி, இரண்டு மணிக் கட்டத்தையும் அப்போதே நிரப்பிவிடுவது. 98.4 போய் 98.6 வரும். நாடியில் இரண்டு கூடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. கொட்டாவி மாதிரி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தொற்றியது.

அன்று பதினேழாம் கட்டிலுக்கும் அப்படித்தான் எழுதினாள். அவர் ஒரு தையல்காரர், காலில் புண். ஆஸ்பத்திரிச் சட்டையைப் பார்த்து, இதைத் தைத்தவனைத்தான் முதலில் அட்மிட் செய்ய வேண்டும் என்று சொல்கிற ஆள். 'மணி இரண்டு. 98.6. நாடி 76. நிம்மதியாக உறங்குகிறார்' என்று அச்சு அச்சாக எழுதி வைத்தாள்.

நிம்மதியாக உறங்குகிறவர் பன்னிரண்டரைக்கே போர்வைக்குள் தலையணையைப் படுக்க வைத்துவிட்டு, வீட்டில் பூட்டிக் கிடந்த பூனைக்குச் சோறு வைக்கக் கிளம்பியிருந்தார். திரும்பி வரும்போது ஜுரம் ஏறி, பஸ் ஸ்டாப்பில் சுருண்டு விழுந்தார். தூக்கி வந்தவர்கள் அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். இரண்டரை மணிக்கு அங்கிருந்து டாக்டர் போன் செய்தார்.

"உங்க பதினேழு எங்கிட்ட இருக்காரு சிஸ்டர். நூத்தி மூணு அடிக்குது."

அச்சக்கா கட்டிலைப் பார்த்தாள். தலையணை நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர் அவளைத் துணி வைக்கிற அறைக்கு இழுத்துப் போனார். "அந்தத் தாளைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுது. ரெண்டு மணிக்குக் கட்டில்ல ஆள் இல்லன்னு எழுது. கேட்டுல நின்னது வாட்ச்மேன். அவன் தலையில போகட்டும்."

வாட்ச்மேன் ஒப்பந்த ஆள். ஒரு புகார் போதும், மறுநாளே வேறு ஆள் நிற்பான். கிழித்தால் அவன் வேலை போகும், கிழிக்காவிட்டால் தன் வேலைக்கு ஆபத்து. அச்சக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேட்ரன் அறையில் அதை மேஜை மேல் விரித்து வைத்தாள்.

"பாக்காமலே எழுதினேன் மேடம்."

"உங்க வார்டுல எல்லாருமே இப்படித்தானா?"

அச்சக்கா திரும்பிப் பார்த்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். கூட ஷிப்ட் பார்க்கிறவள், பத்து வருடமாக ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்ட தோழி, தன் செருப்பைப் பார்த்தாள். செருப்பில் அப்படி என்ன எழுதியிருந்ததோ. யாராவது ஒருத்தர் ஆமாம் என்றிருந்தால் போதும், அது அவள் தப்பாக இல்லாமல் வார்டின் நோயாக ஆகியிருக்கும்.

"என் சார்ட்டுக்குத்தான் மேடம் நான் பதில் சொல்ல முடியும்."

பதினைந்து நாள் சஸ்பெண்ட். வாட்ச்மேன் தப்பித்தான், தையல்காரரும் தேறினார். கூடவே அச்சக்காவுக்கு மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு, கட்டாயம். கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுக்கச் சொன்னார் பயிற்சியாளர். மூடியதுதான் தெரியும். அறையைப் பூட்ட வந்த ஆள்தான் தட்டி எழுப்பினார். சான்றிதழில் 'முழு ஈடுபாட்டுடன் கலந்துகொண்டார்' என்று இருந்தது. இவர்களும் முன்கூட்டியே எழுதுகிற ஜாதிதான் என்று நினைத்தாள். சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

முதல் நாலு நாள் தூங்கியே கழிந்தது. ஐந்தாம் நாள் நாற்காலியிலிருந்த துணிகளை மடித்து எடுத்தாள். யாரும் வந்து உட்காரவில்லை. தோழியிடமிருந்து போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோது லீவு போட்டிருக்கிறேன் என்றாள்.

"நீயா? லீவா? ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்டாங்களா அக்கா?"

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. இரண்டு மணிக்கு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனாள். மூன்று மணிக்குள் பதினொன்று முடிந்தது. மீதி ஏழு கட்டத்திலும் 'பார்க்க நேரம் கிடைக்கவில்லை' என்று எழுதி, அந்த ஏழு பேரையும் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தாள். பக்கத்தில் தோழியின் சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

"இப்படி எழுதி வச்சா மேலேருந்து கேள்வி வரும்டி," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"வரட்டும் சிஸ்டர்."

"உன்னால மத்தவங்க சார்ட்டும் பொய்யாத் தெரியும்."

அச்சக்கா பேனாவை மூடினாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சரியான நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியில் இறங்கும்போது பின்னால் தோழியின் காலடி கேட்டது. ஒரு படியில் கொஞ்சம் நின்றாள். பின்னால் வந்த காலடியும் நின்றது. அவள் மறுபடி இறங்கத் தொடங்கினாள்.