ஸ்பிரிட் குடித்த கார்

இன்று காலை தங்கைக்குப் பிரசவ வலி. கொட்டகலையிலிருந்து ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கரீம் நானாவின் பழைய வாடகைக் காரில் கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டது.

“பெட்ரோல் தட்டுப்பாடு தம்பி. கொஞ்சம் ஸ்பிரிட்டு கலந்தேன். அது டேங்குல இருந்த துருவையெல்லாம் கெளப்பி பைப்ப அடைச்சிருச்சு,” என்றார் நானா.

“புள்ளத்தாச்சி வர்ற வண்டில இதையா ஊத்துவீங்க?” என்று கத்தினேன்.

அவர் இறங்கி பானட்டைத் திறந்தார். பைப்பைக் கழற்றி வாயால் ஊதினார். பெட்ரோல் பட்டு உதடு வெந்தது. துப்பிவிட்டு மறுபடியும் ஊதினார். வண்டி கிளம்பியது.

பெண் குழந்தை. இருவரும் நலம்.

வெளியே வந்தால், வீங்கிய உதட்டோடு நானா காத்திருக்கிறார்.

“தங்கச்சி எப்படி இருக்கு தம்பி?”

தேத்தண்ணி வாங்கி, நன்றாக ஆற்றிக் கொடுத்தேன்.

அவரைத் திட்ட வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்.